ஊசிமேல் விழுந்த பழி

அத்தியாயம் 14

பத்மாசினி அந்தப் படிவத்தைக் கோப்புக்குள் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் மற்றப் படிவங்களைப் பார்ப்பதுபோல் பாவனை பண்ணினாள். பிறகு திரும்பவும் அதையே வெளியே எடுத்தாள். காலை எட்டு மணிக்குள் இது நாலாம் தடவை.

தொடர்ந்து வாசித்து வருபவர்களுக்கு அவளுடைய தலையிடி தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பத்மாசினி மருத்துவ பீடத்தில் ஆராய்ச்சி செய்யும் டொக்டர். பெண்பிள்ளைகளுக்குப் பதினொரு வயதளவில் போடும் ஒரு தடுப்பூசி, பிற்காலத்தில் கருப்பைக் கழுத்தில் வரக்கூடிய புற்றுநோயைத் தடுக்கிறது. முதல் ஊசிக்குப் பிறகு உடம்பில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு ஊறுகிறது, ஆறு மாதம் கழித்து இரண்டாம் ஊசி போட்டால் எவ்வளவு கூடுகிறது என்று இரத்தத்தில் அளந்து பார்ப்பதுதான் அவள் வேலை. அதற்கென்று தான் பிறந்து வளர்ந்த பருத்தித்துறையிலேயே ஒரு மகளிர் பாடசாலையைத் தெரிவு செய்தாள். தொண்ணூற்றாறு பிள்ளைகள். தெரிந்த ஊர், தெரிந்த சனம், வேலை சுகமாக முடியும் என்று நினைத்தாள். படித்தவர்களும் சில வேளை இப்படி அப்பாவித்தனமாக நினைப்பதுண்டு.

நவம்பரில் முதல் ஊசி. போட்ட கையோடு ஒரு பிள்ளை பதினொரு நாள் பாடசாலைக்கு வரவில்லை. ஊசியால் காய்ச்சல் என்றது முதற் கதை. தை மாதம் அந்தக் காய்ச்சல் வலிப்பாகியது. மாசியில் கர்ப்பப்பை பழுதாகியது. சித்திரை வருஷம் பிறக்க முன்பே, ஊசி போட்ட ஒருத்திக்கும் இனிப் பிள்ளை பிறக்காது என்று ஊர் தீர்ப்பெழுதிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட எதைக் கொண்டு போவது?

இரண்டாம் ஊசி நாளைக் காலை ஒன்பது மணிக்கு. அறுபத்தொரு தாய்மார் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இன்று பின்னேரம் இரண்டு மணிக்குப் பாடசாலையில் கூட்டம். அதிலும் அவர்கள் மனம் மாறாவிட்டால் நாளைக்கு ஊசியும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை என்று அதிபர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அந்த "ஒரு பிள்ளை" வேறு யாருமல்ல, பத்மாசினியின் சொந்த அக்கா நிரோஜாவின் மகள் கீர்த்திகா.

கையில் இருந்த படிவத்தில் பெயர் இல்லை. இலக்கம் மட்டும்தான், 58. போன கிழமை பிள்ளைகள் தாங்களே எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தவை. நேற்றுத்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கணினியில் ஏற்றத் தொடங்கினாள். எழுத்தைக் கண்டதுமே யாரென்று தெரிந்துவிட்டது. அந்தக் கையைப் பிடித்து ஏடு தொடக்கியவளே அவள்தானே.

முதல் மாதவிடாய் வந்த திகதி: நவம்பர் 15, ஊசி போட்ட அடுத்த நாள்.

வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்: எனக்குக் காய்ச்சல் வரவில்லை. அம்மா அப்படிச் சொல்லச் சொன்னவ.

கீர்த்திகா பெரியபிள்ளையானதற்கான சாமத்திய வீடு நடந்தது மார்கழிக் கடைசியில். பத்மாசினிதான் ஆராத்தித் தட்டம் பிடித்தாள். அப்படியென்றால் அந்தத் தண்ணீர் வார்த்தது, பட்டுடுத்தியது, படம் எடுத்தது எல்லாம் ஆறு கிழமை பிந்தி நடந்த நாடகம்.

இந்தத் தாளை அதிபரிடம் கொண்டுபோய்க் காட்டினால் பிரச்சினை பத்து நிமிஷத்தில் தீரும். ஆனால் ஒவ்வொரு படிவத்தின் தலைப்பிலும், "நீங்கள் எழுதுவது வேறு எவருக்கும் தெரியப்படுத்தப்படமாட்டாது" என்று அச்சடித்திருந்தது. அந்த வரியை எழுதியவளும் அதன் கீழே கையெழுத்திட்டவளும் பத்மாசினிதான்.

படிவத்தில் உள்ளதைக் கேட்கப் போகவில்லை, அக்காவைத்தான் பார்க்கப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். மனிதர் இப்படித் தமக்குத்தாமே விளக்கம் சொல்லத் தொடங்கினால் அதில் எங்கோ ஒரு கோணல் இருக்கும். அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

*

நிரோஜா குசினியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் அவள் கணவன் கஜானனின் குறட்டை கேட்டது. இரவு முழுக்கக் கடலில் நின்றுவிட்டு விடியத்தான் கரைக்கு வந்தவன்.

"மெல்லக் கதை. இப்பதான் கண்ணயர்ந்தவர். தேத்தண்ணி போடட்டோ?"

"வேண்டாம் அக்கா. ஒண்டு கேக்க வேணும். ஊசி போட்ட நேரம் பிள்ளைக்கு உண்மையிலை காய்ச்சலோ?"

கத்தி நின்றது.

"ஆர் உனக்கு என்ன சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் உன்னட்டைக் கேக்கிறன்."

"கீர்த்தி ஏதும் பறைஞ்சவளோ?"

"அவளை ஏன் இழுக்கிறாய்? பதிலைச் சொல்லு."

நிரோஜா உள்ளறைக் கதவை ஒரு தடவை பார்த்தாள். எழும்பிப் போய் அதைச் சாத்திவிட்டு வந்தாள். கை மீன் நாற்றத்தோடேயே தங்கையின் முழங்கையைப் பிடித்துப் பின்வாசலுக்கு இழுத்தாள்.

"காய்ச்சல் இல்லை. ஊசி போட்ட மற்ற நாள்தான் அவள் பெரியபிள்ளையானவள். இவர் அந்தக் கிழமை எஞ்சின் வேலைக்கு மயிலிட்டித் துறைமுகத்திலை நிண்டவர். நான் தனிய. நேரத்தைக் குறிச்சுக்கொண்டு சாத்திரம் பாக்கிற நமசிவாயத்தாரிட்டைப் போனன். அவர் கணிச்சுப் பாத்திட்டு, வாய் திறக்காமல் இருந்தார். நான் விடேல்லை. கடைசியிலை சொன்னார்."

"என்னெண்டு?"

"தகப்பனுக்குக் கடலிலை கண்டமாம். ஒரு வரிசத்துக்கு."

சாமத்தியப்பட்ட நேரத்துக்குச் சாதகம் கணிப்பது அங்கே வழக்கம். நேரம் கூடாது என்று வந்தால், சில வீடுகளில் அந்த நாளை வெளியே விடமாட்டார்கள். பிள்ளையைச் சத்தமில்லாமல் உள்ளே வைத்திருந்து, அடுத்த முறை வருவதையே முதல் முறை என்று ஊருக்குச் சொல்லி, நல்ல நட்சத்திரத்தில் தண்ணீர் வார்ப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் என்ன என்று அறிய விரும்புகிறவர்கள் அப்படி ஒரு வீட்டைப் பார்க்க வேண்டும்.

"அத்தானுக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சால் வள்ளத்திலை ஏறுவாரோ? அவர் ஏறினாலும் சுரேஸ் ஏறுவானோ? கண்டக்காரனோட கடலுக்குப் போக ஆருக்கடி துணிவிருக்கு?" சுரேஸ் கஜானனோடு பத்து வருஷமாக ஒரே வள்ளத்தில் தொழில் செய்பவன். "பதினொரு நாள் பிள்ளையை வீட்டிலை வைச்சிருக்க ஒரு சாட்டு வேணும். றஜிதா வேலியாலை எட்டிப் பாத்து, ஏன் பிள்ளை பள்ளிக்கூடம் போகேல்லை எண்டு கேட்டாள். வாயிலை வந்தது ஊசி. காய்ச்சல் எண்டன். அவ்வளவுதான் நான் சொன்னது. வலிப்பும் கர்ப்பப்பையும் சனம் போட்டது."

"தொடக்கினது நீ."

"ஓம். நான்தான்."

"அப்ப இரண்டாம் ஊசி வேண்டாமெண்டு நீ ஏன் எழுதிக் குடுத்தாய்?"

"எழுதாமல்? ஊசியாலைதான் காய்ச்சல் எண்டு சொன்னவள் திரும்ப ஊசி போட விட்டால் சனம் என்ன யோசிக்கும்?"

ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்றச் சொந்தப் பிள்ளையின் ஊசி. பத்மாசினிக்குக் கோபம் வந்தது. ஆனால் அக்காவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்க்க, கோபம் ஒரு இடத்தில் நிற்காமல் தடுமாறியது.

"அக்கா, பின்னேரம் கூட்டத்துக்கு வா. வந்து உண்மையைச் சொல்லு. அறுபத்தொரு பிள்ளையள்."

"எனக்கு ஒரு மனுசன்."

"கண்டம் எண்டதெல்லாம்..."

"பொய் எண்டு சொல்லப்போறாய். சொல்லு. நீ படிச்சனி. நான் உன்னோட வாதாடேல்லை. ஆனால் பொழுதுபட அவர் வலையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட, விடியுமட்டும் முழிச்சிருக்கிறது நீ இல்லை."

அங்கேயே விட்டிருக்கலாம். பத்மாசினி விடவில்லை.

"அம்மாவும் உப்பிடித்தானே மறைச்சவ. ஒரு வரிசமா இரத்தம் போய்க்கொண்டிருக்க, வெக்கத்திலை ஒருத்தருக்கும் சொல்லாமல், வயித்துப்புண் எண்டு சொல்லிச் சொல்லி... நாப்பத்தொன்பது வயசு. எந்தப் புற்றுநோயைத் தடுக்க நான் ஊசி போட நிக்கிறன் எண்டு உனக்குத் தெரியாதோ? ஒருத்தருக்குச் சொல்லியிருந்தால்..."

"எனக்குச் சொன்னவ."

பத்மாசினிக்கு முதலில் விளங்கவில்லை.

"துணி தோய்ச்சது நான். விடியப்புறம், ஒருத்தரும் கிணத்தடிக்கு வர முதல். பத்மாவுக்குச் சொல்லிப்போடாதை, படிக்கிற பிள்ளை, குழம்பிப் போவாள் எண்டு என்ரை கையிலை அடிச்சுச் சத்தியம் வாங்கினவ. நீ அப்ப கம்பசிலை இரண்டாம் வரிசம்."

அம்மா செத்துப் பத்தொன்பது வருஷம். அம்மா தனியே எல்லாவற்றையும் தாங்கிச் செத்தாள் என்று நினைத்துத்தான் பத்மாசினி இந்தத் துறையைத் தெரிவு செய்தாள், இந்த வேலைக்கு வந்தாள். இப்போது அந்தத் துக்கத்துக்குள்ளும் ஒரு இரகசியம், அதிலும் அக்கா.  அந்த ஆத்திரத்தில் சொல்லக்கூடாததைச் சொன்னாள்.

"நீ அப்ப வாயைத் திறந்திருந்தால் அம்மா இண்டைக்கு இருந்திருப்பா."

நிரோஜா பின்வாசற் படியில் அப்படியே குந்தினாள். பத்மாசினி "போட்டு வாறன்" என்றுகூடச் சொல்லாமல் வெளியே வந்தாள். சந்தியைத் தாண்டிய பிறகுதான் தலைக்கவசம் போடாமல் வந்தது தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்க அவளுக்கு முகமில்லை.

*

இரண்டு மணிக் கூட்டத்துக்கு ஒன்றரைக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. மூன்று காற்றாடியில் ஒன்றுதான் சுற்றியது. சோளகக் காற்று வெளியே மணலை வாரி எறிய, யன்னலைத் திறக்கவும் முடியவில்லை.

பத்மாசினி இருபது நிமிஷம் பேசினாள். ஊசி உடம்பில் என்ன செய்கிறது, என்ன செய்யாது, கர்ப்பப்பையின் பக்கமே அது ஏன் போவதில்லை என்றெல்லாம் வடிவாகத்தான் விளங்கப்படுத்தினாள். கேட்டவர்கள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பின்வரிசையில் யாரோ, கேட்க வேண்டும் என்றே சொன்னார்கள்.

"பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளையின்ரை அருமை தெரியுமே?"

கலியாணம் முடித்துப் பதினொரு வருஷம். இந்தப் பேச்சைப் பல விதமாகக் கேட்டுப் பழகியிருந்தாள் என்றாலும், பழகியதால் நோகாமல் இருப்பதில்லை. மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டு, "அடுத்த கேள்வி" என்றாள்.

றஜிதா எழும்பினாள். அவள் கெட்டவளில்லை. இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவள். பயந்தவள். பயந்ததைச் சத்தமாகச் சொல்லத் தெரிந்தவள், அவ்வளவுதான்.

"ஆர் அனுப்பின ஊசி உது டொக்டர்? எங்கடை சனத்துக்கு நல்லது நினைச்சு ஆர் எப்ப என்ன தந்தவை? எங்களைக் கேளாமல் எங்கடை உடம்பிலை செய்தது கொஞ்சமே?"

"அந்தச் சந்தேகம் பிழை எண்டு நான் சொல்லமாட்டன் றஜிதா அக்கா. கேக்கத்தான் வேணும். அதுக்குத்தான் இஞ்சை வந்து நிக்கிறன். ஊசியின்ரை பெட்டி, திகதி, எந்தக் குளிரிலை வைச்சது எண்ட கொப்பி, எல்லாம் மேசையிலை இருக்கு. வந்து பாருங்கோ."

"பெட்டியை நான் பாத்து என்ன செய்ய? பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கோ. உங்கடை அக்காவின்ரை பிள்ளை பதினொரு நாள் எழும்பேலாமல் கிடந்ததோ இல்லையோ? அதுக்கு என்ன நடந்தது? அதை மட்டும் சொல்லுங்கோ, நான் போய் இருக்கிறன்."

 எல்லாரும் காத்திருந்த கேள்வி அதுதான். பத்மாசினியின் நாக்கில் பதில் இருந்தது. ஒரு வசனம் போதும், சொன்னால் தொண்ணூற்றாறு பிள்ளைகளும் காப்பாற்றப்படுவார்கள்.

"ஒரு பிள்ளையின்ரை விசயத்தைச் சபையிலை நான் கதைக்கமாட்டன். உங்கடை பிள்ளையின்ரை விசயமெண்டாலும் கதைக்கமாட்டன்."

"பாத்தியளோ?" றஜிதா சபைப் பக்கம் திரும்பினாள். "சொல்ல ஏலாது. அவ்வளவு பழுது."

சலசலப்பு எழுந்தது. கதிரைகள் பின்னே நகர்ந்தன. அதிபர், பாவம், நல்ல மனுஷி, பெருமூச்சு விட்டபடி அறுபத்தொரு கடிதமும் இருந்த கட்டைத் தன் பக்கம் இழுத்தார். பத்மாசினிக்கு ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது. ஆறு மாத வேலை போவதற்காக மட்டுமல்ல. இந்தப் பெண்களின் பிள்ளைகளில் எவளோ ஒருத்தி முப்பது வருஷம் கழித்து விடியப்புறம் கிணற்றடியில் நிற்பாள் என்பது அவளுக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"றஜிதா, அவளைக் கேக்காதை. என்னைக் கேள்."

வாசலில் நிரோஜா நின்றாள். வீட்டில் போட்டிருந்த சட்டையோடேயே வந்திருந்தாள். நடந்து வந்த வேகத்தில் மூச்சிரைத்தது.

"என்ரை பிள்ளைக்குக் காய்ச்சல் வரேல்லை. ஊசி போட்ட மற்ற நாள் சாமத்தியப்பட்டவள். நேரம் கூடாது எண்டு நான்தான் மறைச்சனான். மார்கழியிலை நீங்கள் எல்லாரும் வந்து சாப்பிட்டது இரண்டாம் முறைக்கு. ஆறு மாதமாப் பழியை ஊசியிலை போட்டுக்கொண்டு திரிஞ்சனான். இதுதான் நடந்தது. இதுக்கு மேலை ஒண்டும் நடக்கேல்லை."

 பிறகு றஜிதா, குரலைத் தணித்து, அந்த ஊரில் பிறந்த எவளும் கேட்கக்கூடிய அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"நேரம் கூடாதெண்டால்... ஆருக்குக் கண்டம்?"

நிரோஜா தங்கையைப் பார்த்தாள். காலையில் கேட்ட வார்த்தை அவள் முகத்தில் இன்னும் அப்படியே இருந்தது.

"அவருக்கு. கடலிலை."

மூன்றாம் வரிசையில் றொசாந்தி எழும்பினாள். சுரேஸின் மனைவி. கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி மண்டபத்தை விட்டு வெளியே போனாள். அவள் யாருக்கு என்ன சொல்லப் போகிறாள் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். நிரோஜாவுக்கும் தெரியும். அவள் திரும்பி, வந்த வேகத்திலேயே ஓடினாள். புதுச் சம்மதப் படிவத்தோடு அதிபர் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

கூட்டம் முடியும்போது நாற்பத்திரண்டு பேர் தங்கள் மறுப்புக் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர்களும் சம்மதத்தில் கையெழுத்துப் போடவில்லை. காலையில் வந்து போடுகிறோம் என்றார்கள். ஏன் காலையில் என்று பத்மாசினி கேட்கவில்லை. றஜிதா போகும்போது அதைச் சொல்லிவிட்டே போனாள்.

"விடியட்டும் டொக்டர். கஜானன் கரைக்கு வரட்டும். அதுக்குப் பிறகு பாப்பம்."

*

ஐந்தரைக்குக் கீர்த்திகா போன் எடுத்தாள். "சித்தி, கெதியா வாங்கோ. அப்பாவும் அம்மாவும் கடக்கரையிலை."

பத்மாசினி போய்ச் சேரும்போது மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கஜானனின் வள்ளம் மட்டும் பாதி மணலிலும் பாதி தண்ணீரிலுமாக நின்றது. அவன் தனியே வலையை ஏற்றிக்கொண்டிருந்தான். நிரோஜா வள்ளத்தின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"சுரேஸ் எங்கை அத்தான்?"

"அவனுக்குத் தடிமன் காய்ச்சலாம். போன் எடுத்துச் சொன்னவன்." கஜானன் சிரிக்கப் பார்த்தான். இந்த ஊரில் பொய் நோய்களுக்கு ஒருநாளும் குறைவிருந்ததில்லை.

"இண்டைக்கு மட்டும் போகாதேங்கோ," என்றாள் நிரோஜா. "என்னை என்னவும் பேசுங்கோ. அடிக்க வேணுமெண்டால் அடியுங்கோ. உங்களிட்டை ஒளிச்சது பிழை. இண்டைக்கு மட்டும்..."

"நீ ஆரிட்டை ஒளிச்சனி? எனக்கு மார்கழியிலையே தெரியும்."

கயிறு அவள் கையிலிருந்து நழுவியது.

"நமசிவாயத்தார் கோயிலடியிலை மறிச்சவர். தம்பி, நீ இன்னும் கடலுக்குப் போறியோ எண்டு கேட்டார். ஏன் ஐயா எண்டன். மனுசன் திருதிருவெண்டு முழிச்சிட்டு, எல்லாத்தையும் கக்கிப்போட்டார்."

"தெரிஞ்சும் போனீங்களோ? கொந்தளிக்கிற வாடைக்கடலுக்கும் போனீங்களோ?"

"நான் போகாமல் கரையிலை நிண்டிருந்தால் எனக்குத் தெரிஞ்சது உனக்கு விளங்கியிருக்கும். நீ எனக்காகத்தானே ஒளிச்சனி. அதை ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன்."

நிரோஜா அழுவாள் என்று பத்மாசினி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. கஜானனின் நெஞ்சில் இரண்டு கையாலும் ஒரு தள்ளுத் தள்ளினாள்.

"ஆறு மாதம்! ஆறு மாதமா நான் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை. ஒவ்வொரு விடியலும் செத்துப் பிழைச்சனான். நீங்கள் எல்லாம் தெரிஞ்சுகொண்டு விழுந்து விழுந்து குறட்டை விட்டிருக்கிறியள்!"

"நான் மட்டும் வள்ளத்திலை பாட்டுப் பாடிக்கொண்டே போனனான்?"

 கஜானன் வலையின் கடைசிச் சுருளை உள்ளே எறிந்தான்.

"இஞ்சை கேள். இண்டைக்கு நான் நிண்டால், கண்டம் உண்மை எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி. நாளைக்கு விடியப் புதுக் கதை ஒண்டு கிளம்பும். ஊசியாலை வந்த சாமத்தியம், அதாலை வந்த கண்டம் எண்டு முடிச்சுப் போடுவினம். நீ சபையிலை நிண்டு சொன்னதெல்லாம் தண்ணியிலை போயிடும். அங்கை பார்."

கரையோர மதிலடியில் றஜிதா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளோடு இன்னும் ஏழெட்டுப் பெண்கள்.

"அத்தான், தனியப் போகாதேங்கோ," என்றாள் பத்மாசினி. "எனக்காக வேண்டாம். ஊசி நிண்டால் நிக்கட்டும், பிறகு பாப்பம்."

 ஒரு வள்ளம், ஒரு இரவு. இதை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது என்றுதான் அவள் மாணவர்களுக்குப் படிப்பிக்கிறாள். கஜானன் திரும்பி வந்தால் அது ஒன்றையும் நிரூபிக்காது. வராவிட்டால் ஊருக்கு அதைவிட நிரூபணம் தேவையில்லை. கண்டம் என்ற ஒன்று கிடையாது. ஆனால் தனியே கடலுக்குப் போகிற மனுஷனுக்கு ஆபத்து உண்டு, அதற்குச் சாத்திரம் பார்க்கத் தேவையில்லை.

"தனியப் போகேல்லை," என்றாள் நிரோஜா.

செருப்பைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, சட்டையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"என்னடி செய்யிறாய்? பொம்பிளையள் வள்ளத்திலை ஏறுறேல்லை."

"பொம்பிளைப் பிள்ளையாலைதானே கண்டம் எண்டு சொன்னவை. அப்ப ஒரு பொம்பிளை வந்து என்னெண்டு பாக்கட்டும்."

"நிரோ, உது விளையாட்டில்லை."

"சண்டைக்காலத்திலை கிளாலிக் கடல் கடக்கேக்கை எனக்குப் பதின்மூண்டு வயசு. விடியுமட்டும் வள்ளத்துக்குள்ளை தண்ணி இறைச்சனான். உங்களுக்கு வலை இழுக்கத் தெரியும், எனக்கு இறைக்கத் தெரியும். நகருங்கோ."

கஜானன் கரையைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், கடைசியில் மனைவியைப் பார்த்தான். ஆறு மாதம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேரே பார்க்காமல் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது பத்மாசினிக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் கையை நீட்டினான்.

"வெளிச்சவீடு தெரியிற தூரத்துக்கு மேலை போகேல்லை பத்மா," என்று கரையைப் பார்த்துச் சொன்னான். "பிள்ளையைப் பாத்துக்கொள்."

நிரோஜா ஏறியிருந்து, தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க பத்மாசினி வாயெடுத்தாள். எஞ்சின் உறுமத் தொடங்கிவிட்டது. அவள் கத்தியது அங்கே கேட்டதோ தெரியாது. நிரோஜா கையை மட்டும் அசைத்தாள். அது சரி என்பதோ, போ என்பதோ என்று பத்மாசினிக்குப் பிடிபடவில்லை.

மதிலடியில் யாரோ, "ஐயோ, ஏறிப்போட்டாளடி" என்றார்கள். றஜிதா மதிலோடு சாய்ந்து கீழே அமர்ந்தாள். அவள் வீட்டுக்குப் போகிற எண்ணத்தில் இல்லை.

வள்ளம் சின்னதாகிக்கொண்டு போனது. காற்று பகலைவிட இப்போது பலமாக வீசியது. கீர்த்திகா பாடசாலைச் சீருடையோடேயே பக்கத்தில் வந்து நின்றாள். புத்தகப் பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். அதிபர் அவளிடம் கொடுத்து விட்ட சம்மதப் படிவம். காற்றில் பறக்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, நாளைக்கு ஒன்பது மணிக்கெல்லோ ஊசி?"

"ஓம்."

"அம்மாவும் அப்பாவும் வரப் பிந்தினால், இதிலை நீங்கள் கையெழுத்துப் போடுவியளோ?"

பத்மாசினி பிள்ளையைத் தன்னோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். 

"நான் போடேலாது குஞ்சு. தாய் தகப்பன்தான் போட வேணும். அவை வந்து போடுவினம்."

கீர்த்திகா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"வந்து போடுவினம்," என்றாள் பத்மாசினி மறுபடியும்.